"ரெண்டு சாவு போதும்லண்ணா?"



ஆனி மாதத்தில் ஒரு நாள் எங்கள் மாலை வகுப்பில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டைத் திறந்து காட்டினான். பாடக் கணக்கு இல்லை. மேலே 'பூட்ஸ் 800' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே 400, அதற்கும் கீழே இன்னொரு 400. கூட்டி அடிக்கோடு போட்டிருந்தான்.

"ஒரு சாவுக்கு அடிக்கப் போனா நானூறு தர்றாங்கண்ணா. பெரியப்பா செட்டுல ஆள் குறையுதாம். ரெண்டு சாவு போதும்லண்ணா?"

அவனுக்கு 13 வயது. கால்பந்து என்றால் உயிர். பள்ளி அணியில் இடது ஓரத்தில் ஓடுகிறான். எதிர் அணிப் பையன்கள் பூட்ஸ் போட்டு மிதிக்க, இவன் வெறுங்காலோடு ஓடுகிறான். பெருவிரல் நகம் இரண்டு முறை பெயர்ந்துவிட்டது. வீட்டில் கேட்டால் கிடைக்காது என்று அவனுக்கே தெரியும். அதனால் கேட்கவில்லை. தானே சம்பாதிக்கலாம் என்று முடிவு செய்து, எப்படி என்றும் கணக்குப் போட்டு எடுத்து வந்திருக்கிறான்.

வகுப்பு நடத்தும் எங்கள் நான்கு பேரிடமும் அன்று பதில் இல்லை. அந்தப் பிள்ளை யார் சாவையும் விரும்பவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே சம்பாத்தியத்தைக் கணக்கில் எழுதினான், அவ்வளவுதான். ஏன் அவனுக்கு அந்த ஒரு வழி மட்டும் தெரிந்தது? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

காலனிப் பையனுக்கு எதுக்கு பூட்ஸ்?

இந்தக் கேள்வி ஊர்த்தெருவிலிருந்து மட்டும் வருவதில்லை. நம் வீடுகளுக்குள்ளேயும் வருகிறது. "சோத்துக்கே வழியக் காணோம், பந்து வெளாட பூட்ஸு கேக்குதா?" என்று நம் அப்பாக்களே கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கூலி வாங்கும் கை அரிசிக் கடையைத்தான் முதலில் பார்க்கும். ஆனால் நம் பிள்ளை சம்பாதித்தால் அது சோற்றுக்கும் கடனுக்கும் மட்டும்தான் என்பதை நாமும் ஏற்றுக்கொண்டால், ஆசைப்படுவது பிறத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

பல்வங்கர் பாலுவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1876இல் பிறந்தவர். தோல் தொழில் செய்யும் சாமர் சாதியில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் வேலை பார்த்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் வேண்டாமென்று போட்ட மட்டையையும் பந்தையும் வைத்துத்தான் பாலுவும் தம்பியும் கிரிக்கெட் பழகினார்கள். பூனாவில் பார்சிகளின் கிளப்பில் மைதானத்தைக் கூட்டி, உருளை இழுத்ததற்கு மாதம் 3 ரூபாய். பிறகு ஐரோப்பியர் கிளப்பில் 4 ரூபாய். அங்கே வலைப் பயிற்சியில் துரைமார்களுக்கு மணிக்கணக்கில் பந்து போட்டார். தன்னை ஒருமுறை அவுட் ஆக்கினால் எட்டணா தருவதாக கிரெய்க் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர் சொன்னதாகக் கூறப்படுகிறது. பந்து போடத்தான் கூப்பிட்டார்கள். மட்டையை அவர் கையில் கொடுக்கவில்லை.

அந்தப் பாலு 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தார். அதற்கு முன்னால் பூனாவின் இந்து அணியில் விளையாடியபோது, தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பந்தலுக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில் தேநீர் தந்தார்கள். இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது.

விளையாட்டு ஆசையும் அதற்கான சில்லறைக் காசும் சாதியும் அன்றே ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. இன்றும் கிடக்கின்றன. காலில் போடுவதற்குக்கூட இங்கே வரலாறு உண்டு. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில், 2023 டிசம்பரில்தான் நம் மக்கள் அறுபது பேர் ஒன்றுகூடி ஆதிக்க சாதித் தெருவில் செருப்புப் போட்டு நடந்தார்கள். அதுவரை கையில் தூக்கிக்கொண்டு நடந்த தெரு அது. ஆகவே ஒரு காலனிப் பையன் பூட்ஸ் கேட்டால் அதை ஊதாரித்தனம் என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

எல்லாருக்கும் சொல்லும் வழி நமக்குப் பொருந்துமா?

பிள்ளைகள் கைச்செலவுக்குச் சம்பாதிக்க வழி கேட்டால் பத்திரிகையிலும் வீடியோவிலும் ஒரு பட்டியல் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்று. அவர்கள் ஊருக்குப் போனால் நாயைப் பார்த்துக்கொள். எலுமிச்சை ஜூஸ் போட்டு விற்றுப் பார். சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டியல் எழுதியவருக்கு 'பக்கத்து வீடு' என்றால் வெறும் பக்கத்து வீடுதான். நமக்கு அப்படி இல்லை. நம் பக்கத்து வீட்டிலும் நம்மைப் போலவே காசில்லை. காசு இருக்கும் வீடு ஊர்த்தெருவில் இருக்கிறது. அங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகிற பிள்ளை தோட்டத்துப் பக்கமாகத்தான் போக வேண்டும். தாகம் எடுத்தால் அவனுக்கு எந்தச் சொம்பில் தண்ணீர் வரும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

ஜூஸ் விற்கலாமா? 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் நம் சகோதரி சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் பள்ளியை மறித்து, அவரை இடமாற்றமும் செய்ய வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. அரசு சம்பளம் தந்து, அரசு அரிசியில் சமைக்கும் உணவுக்கே இந்த நிலை என்றால், 13 வயதுப் பிள்ளை விற்கும் ஜூஸை யார் வாங்கிக் குடிப்பார்கள்?

காசு கையில் இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் இல்லை. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் நம் குழந்தைகள் காசோடுதான் பெட்டிக்கடைக்குப் போனார்கள். ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறது, உங்களுக்குத் தின்பண்டம் கிடையாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அவரே எடுத்த வீடியோ வெளியே வந்ததால் கைது நடந்தது. வீடியோ எடுக்காமல் திருப்பி அனுப்பிய கடைகள் எத்தனையோ.

தேடி வரும் வேலை

நம் பிள்ளைக்கு வேலையே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நாம் தேடிப் போகும் வேலைதான் கிடைக்காது. நம்மைத் தேடி வரும் வேலை நிறைய உண்டு. சாவுக்கு மேளம், பாடைக்கு மூங்கில், செத்த மாட்டை இழுத்துப் போடுவது, கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுப்பது, அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்துவது. இதற்கெல்லாம் விண்ணப்பம் வேண்டாம், அனுபவம் வேண்டாம், வயசும் கேட்பதில்லை. கூலியும் உடனே கைக்கு வந்துவிடும்.

அந்தக் கூலியோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் சிக்கல். ஒரு சாவுக்குப் போன பிள்ளையின் பெயர் ஊர்க்காரர் நினைவில் ஏறிவிடும். அடுத்த சாவுக்குத் தேர்வு நாளாக இருந்தாலும் அழைப்பு வரும். வரமாட்டேன் என்றால், "அன்னைக்கு வந்தியே, இன்னைக்கு என்னடா கௌரவம்?" என்பார்கள். அவன் 400 ரூபாய்க்குப் போனதாக நினைப்பான். ஊரோ அவன் தன் 'முறைக்கு' வந்ததாக நினைக்கும். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று புரட்சியாளர் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கியது இதைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். 14 வயது முடியாத பிள்ளையை யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலை கூடாது. நல்லது. ஆனால் அதே திருத்தம் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் மட்டும் இல்லை. அப்பாவின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அம்மாவின் உடன்பிறந்தவர்கள் எல்லாரும் அதில் வருவார்கள். அதாவது எங்கள் பையனின் பெரியப்பாவும் குடும்பம்தான். அவர் மேள செட்டும் குடும்பத் தொழில்தான் என்று நாளைக்கு ஒருவர் வாதாடலாம்.

குடும்பத் தொழில் என்ற சொல்லை மளிகைக் கடைக்காரர் வீட்டில் சொன்னால் அதன் பொருள் வேறு. நம் வீட்டில் சொன்னால் அதன் பொருள் வேறு. அங்கே பிள்ளை கல்லாவில் உட்காரப் பழகுகிறான். இங்கே சாதி கொடுத்த வேலையில் அடுத்த தலைமுறை உட்காருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம், நம் மக்களைப் பிணம் சுமக்க, செத்த விலங்கை அப்புறப்படுத்த, குழி வெட்ட வைப்பதைக் குற்றம் என்கிறது. ஒரு சட்டம் மூடும் கதவை இன்னொரு சட்டம் ஒருக்களித்து வைத்திருக்கிறது.

பறை வேறு, சாவுக்கூலி வேறு

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. மறைக்க விரும்பவில்லை.

எங்களில் ஒருவர் பறைக் கலைஞர். "பறையை இழிவுன்னு பையனுக்குச் சொல்லிக் கொடுக்காதீங்க. அது நம்ம கலை. கூலி வாங்கினா என்ன தப்பு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2025இல் மதுரைப் பக்கத்துப் பறை ஆசான் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் நம் பெண்கள் பறையடித்து மேடையேறினார்கள். பறையை உடைத்துப் போடு என்று சொன்ன தலைமுறைக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதைக் கையில் எடுத்து நிமிர்ந்து அடி என்று சொல்லும் தலைமுறைக்கும் நியாயம் இருக்கிறது.

இரண்டு இரவு பேசி, கடைசியில் ஒரு கோடு போட்டோம். மேடையில், நிகழ்ச்சிக்கு, பெயர் சொல்லி அழைத்து, தொகையை நாம் சொல்லி அடித்தால் அது கலை. செத்தது யார் வீடு, அடிப்பது யார் வீடு என்பதைச் சாதி முடிவு செய்து, தெருவோரத்தில் நிறுத்தி, சாராயமும் கூலியும் கொடுத்து அனுப்பினால் அது அடிமை வேலை. பிள்ளை பறை கற்றுக்கொள்ளட்டும். சாவுக்கு அனுப்ப மாட்டோம். பெரியப்பாவிடமும் போய்ப் பேசினோம். முதலில் கோபப்பட்டார். பிறகு, "நான் மட்டும் ஆசப்பட்டா போறேன்?" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு என்னதான் வழி?

'கூடாது' என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. 800 ரூபாய்க்கு அது பதில் ஆகாது. ஐந்து பிள்ளைகளை வைத்து இரண்டு மாதமாக நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறோம்.

வேப்பங்கொட்டை. ஆனி, ஆடியில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் பழம் உதிர்ந்து கிடக்கும். பொறுக்கி, சதை போகக் கழுவி, நிழலில் காய வைத்தால் கிலோ கணக்கில் வியாபாரி எடுத்துக்கொள்கிறார். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடித்து விலை போகாது. எடை போடும்போது பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். மரம் ஏலம் போயிருக்கிறதா என்று முதலிலேயே ஊராட்சியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய நோட்டு. கோடை விடுமுறைக்கு முன் வீடுகளில் எழுதாத பக்கங்களோடு கிடக்கும் நோட்டுகளை வாங்கி, வெள்ளைப் பக்கங்களைப் பிரித்துத் தைத்தால் ரஃப் நோட்டு. மூலதனம் ஊசியும் நூலும்தான்.

நாற்று. முருங்கைக் குச்சி, பப்பாளி, கத்தரி, மிளகாய். பால் கவரில் மண் நிரப்பி வளர்த்து வாரச்சந்தையில் விற்கலாம். சந்தையில் செடியை யார் வளர்த்தது என்று யாரும் கேட்பதில்லை.

பஞ்சர் ஒட்டுவது. பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் சைக்கிள் நம் காலனியில் வீட்டுக்கு ஒன்று நிற்கிறது. பாதிக்குக் காற்று இல்லை. ஒட்டக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தொழிலும் கையில் நிற்கும்.

எழுத்து வேலை. ஏப்ரல் 14க்குத் தட்டி எழுத, சுவரில் வண்ணம் தீட்ட வெளியிலிருந்து ஆள் பிடிக்கிறோம். நம் பிள்ளைகளில் அழகாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கே கொடுத்து, கூலியையும் முறையாகக் கொடுப்போம்.

செல்போனில் 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்று வருவதை நம்ப வேண்டாம். முன்பணம் கட்டச் சொன்னால் அது மோசடி. உன் வங்கிக் கணக்கைக் கொடு, கமிஷன் தருகிறேன் என்றால் அது உன்னை வழக்கில் மாட்டிவிடும் வேலை. காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025இல் ஒன்றிய அரசு சட்டம் போட்டே தடை செய்திருக்கிறது.

பிள்ளைகளோடு உட்கார்ந்து சில விதிகளையும் எழுதினோம். பள்ளி நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இருட்டிய பிறகு கூடாது. 14 வயது முடியாதவர்கள் யாரிடமும் கூலிக்கு நிற்கக் கூடாது. தன் பொருளை விற்கலாம். விலையை முதலிலேயே பேச வேண்டும். வாசலுக்கு வெளியே நிறுத்துகிற வீட்டிலும், தனிக் குவளை வைத்திருக்கிற இடத்திலும் எவ்வளவு கொடுத்தாலும் வேலை கிடையாது. சம்பாதித்த காசு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். 10 வயது முடிந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், தொடங்க 500 ரூபாய் வேண்டும்.

கடைசி விதியை ஒரு பெண் பிள்ளை சேர்க்கச் சொன்னாள். அவளுக்குப் படம் வரைய வாட்டர் கலர் வேண்டும். "எனக்குக் காசுக்கு முன்னாடி நேரம் வேணும்க்கா. தண்ணி புடிச்சி, பாத்திரம் கழுவி, தம்பியப் பாத்துக்கறதுக்குள்ள விடிஞ்சிடுது, இருட்டிடுது" என்றாள். நம் வீட்டுக்குள் நடக்கும் கூலியில்லா வேலை இது. இதற்கு ஊர்த்தெருவைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் அண்ணன் தம்பிகள் வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று எழுதினோம். இரண்டு வீடுகளில் நடக்கிறது. மற்ற வீடுகளில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் பிள்ளை ஏன் செய்ய வேண்டும்?

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பள்ளி அணிக்காக ஓடும் பிள்ளைக்குப் பூட்ஸ் வாங்கித் தருவது அவன் வேலை இல்லை, பள்ளியின் வேலை, அரசின் வேலை. வேப்பங்கொட்டை பொறுக்கிச் சாதித்தான் என்று அவனைப் பாராட்டி முடித்தால், பொறுப்பில்லாதவர்களைத் தப்பவிட்டதாகிவிடும்.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கும் நிதி வேறு செலவுக்குப் போகாமல் இருக்க 2024இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதியில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் பந்து, பூட்ஸ், கேரம் போர்டு, இசைக்கருவி, வண்ணப்பெட்டி ஏன் இருக்கக் கூடாது? காலனிக்கு ஒரு விளையாட்டுத் திடல் ஏன் இருக்கக் கூடாது? ஆசை என்பதை நலத்திட்டத்தின் ஒரு தலைப்பாக நாம் கேட்கப் பழக வேண்டும். அரிசியும் வீடும் கேட்கும் மனுவிலேயே இதையும் எழுதுவோம். அம்பேத்கர் இத்தனை போராட்டத்துக்கு நடுவிலும், உடம்பு தளர்ந்த காலத்தில்கூட, வயலின் கற்றுக்கொண்டார். அவர் பெயரைச் சொல்லும் நாம் நம் பிள்ளைகளின் ஆசையை வீண் என்று சொல்லக் கூடாது.

ஆவணி முடியும்போது இதை எழுதுகிறோம். பையன் கையில் 560 ரூபாய் சேர்ந்திருக்கிறது. வேப்பங்கொட்டையில் 390, பஞ்சரில் 170. இன்னும் 240 வேண்டும். நடுவில் ஊர்த்தெருவில் ஒரு சாவு விழுந்தது. பெரியப்பா வீட்டுக்கு வந்து இவனைக் கேட்டிருக்கிறார். நாங்கள் அங்கே இல்லை. பதில் சொன்னது அவன் ஆயா.

"இவன் தாத்தன் நாப்பது வருசம் அடிச்சான். ஒருநாளு அந்தத் தெருவுல செருப்பு போட்டு நடக்கல. இவன் பூட்ஸு வாங்கப் போறானாம். உடு."

இந்த வாரம் இன்னும் மூன்று சைக்கிள் பஞ்சருக்கு வந்திருக்கின்றன. உங்கள் ஊரிலும் மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் இருந்தால், பிள்ளைகளிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்பதோடு, என்ன ஆசை, அதற்கு எவ்வளவு வேண்டும், எப்படிச் சேர்க்கப் போகிறாய் என்றும் கேளுங்கள். நோட்டில் என்ன கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஜெய்பீம்!